கால் எட்டும் உயரம்

ஊசியம்மா வண்டி ஓட்டும்போது விழவில்லை. வண்டியை நிறுத்தும்போதுதான் விழுந்தாள். அதுவும் பால் பண்ணை முற்றத்தில், கேனும் கையுமாக நின்ற பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பிரேக் பிடித்தாள், இடது காலை ஊன்ற நீட்டினாள். தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. கால் தேடிக்கொண்டே போக, வண்டியும் கூடவே போனது. மருந்துப் பெட்டி உடையக் கூடாதே என்று கை அந்தப் பக்கம் ஓடியதில் முழங்கை நன்றாகச் சிராய்த்துக்கொண்டது.

பண்ணைக்காரி ஓடிவந்து ஒரு கை கொடுத்து வண்டியை நிமிர்த்தினாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கால்நடைத் துறையில் பதினோரு வருட வேலை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போட்டுப் போட்டு வந்த பெயர்தான் ஊசியம்மா. ஆள் நாலடி பத்து அங்குலம் என்பதால் அந்தப் பெயர் இன்னும் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் பதினாறு பண்ணைகள் இருந்தன. அந்தப் பாதையில் கல்லும் பள்ளமும் அதிகம்; சாதாரண வண்டியில் போனால் வண்டியின் அடிவயிறு கல்லில் இடிக்கும். அதற்காகவே ஆபீஸில் உயரமான மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார்கள். அதை ஓட்டிய மனிதர் ஓய்வு பெற்றார். குனியாமல் எந்த வாசலிலும் நுழைய முடியாத நெட்டை அவர். மூன்று தடவை எழுதிக் கேட்டபிறகு அந்த வழியும் வண்டியும் ஊசியம்மாவுக்குக் கிடைத்தன. கிடைத்த நாலாம் நாள் இந்தக் கூத்து.

அவள் ஆபீஸுக்குப் போய்ச் சேரும் முன்பே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. மேலதிகாரி நல்ல மனிதர்தான். அதுதான் சிக்கல். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"உக்காருங்கம்மா. கை எப்படி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். தோல் போயிருக்கு, அவ்வளவுதான்."

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இங்கயே மருந்து இருப்பு பாக்குற வேலை காலியா இருக்கு. நிழல்ல உக்காந்து செய்யற வேலை."

"நிழல் வேணும்னு நான் கேக்கலையே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அடுத்த திங்கள் வரைக்கும் பாப்போம். அன்னிக்கு நானே நேர்ல பாக்குறேன். நம்பிக்கை வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

நேராகத் தம்பியின் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். அவளைவிட ஆறு வயது இளையவன், ஒன்றரை அடி உயரம் கூடியவன். பன்னிரண்டு வயதில் அவளைத் தாண்டி வளர்ந்தவன், அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்று அவள் சொல்வதுண்டு. சங்கிலி ஒன்றை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தவன், வண்டியையும் அக்காவின் முழங்கையையும் ஒரு பார்வை பார்த்தான். கேட்காமலே புரிந்துவிட்டது.

"இந்த வண்டி உனக்கு வேணாம்க்கா."

"வேணுமா வேணாமான்னு கேக்க வரல. இதை இறக்க முடியுமான்னு கேக்க வந்தேன்."

"விழுந்து நசுங்கின வண்டிங்களைத் தினமும் பிரிக்கிறவன் நான். ஓட்டினவங்க எப்படி இருக்காங்கன்னு கேக்கக்கூட எனக்குப் பயமா இருக்கும். நீயும் அந்த லிஸ்ட்ல வரணுமா?"

"வரக் கூடாதுன்னுதான்டா உன்கிட்ட வந்தேன். இல்லேன்னா நாலு செங்கலைக் கால்ல கட்டிட்டுப் போயிருப்பேன்."

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. அளவு நாடாவை எடுத்து இருக்கைக்கும் தரைக்கும் பிடித்தான். எண்பத்தைந்து சென்டிமீட்டர். அக்காவைச் சுவரோரம் நிற்கவைத்துக் கால் நீளம் எடுத்தான். அறுபத்தெட்டு. இரண்டையும் கரிக்கட்டியால் சுவரில் எழுதிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

முதல் வேலையாக இருக்கையைக் கழற்றி, உறையைப் பிரித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சை நீளக் கத்தியால் சீவினான். தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல மேலிருந்து ஒரே மட்டமாக நாலு சென்டிமீட்டர் எடுத்துவிட்டான். ஊசியம்மா ஏறி உட்கார்ந்தாள். பெருவிரல் நுனி தரையைத் தொட்டது. சந்தோஷமாகக் கிளம்பிப் போனவள் முக்கால் மணி நேரத்தில் திரும்பினாள், இருக்கையில் உட்காராமல் நின்றுகொண்டே ஓட்டியபடி.

"என்னக்கா?"

"ஸ்பாஞ்சுக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக்கோட ஒவ்வொரு விளிம்பும் எங்க இருக்குன்னு எனக்கு இப்ப மனப்பாடம்டா. வேணும்னா படம் போட்டுக் காட்டுறேன்."

இரண்டு கடை தள்ளி வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கும் பெண்மணி ஒருத்தி இருந்தாள். பேச்சு குறைவு, வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. அவளைப் பட்டறைக்குக் கூட்டிவந்தார்கள். தம்பி சீவிய ஸ்பாஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். குண்டூசிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதை யார் அறுத்தது?"

தம்பி பட்டறைக் கூரையைப் பார்த்தான்.

"உயரத்தை மட்டும் பாத்திருக்கீங்க. அகலத்தை யார் பாக்குறது? கால் நேரா கீழ இறங்கணும். இங்க ரெண்டு பக்கமும் தொடையைப் பிடிச்சு வெளிய தள்ளுது. குறுக்கால போற காலு எப்படித் தரையைத் தொடும்?" பிறகு ஊசியம்மாவிடம், "ஏறுங்கம்மா," என்றாள்.

ஊசியம்மா ஏறினாள். அந்தப் பெண்மணி சாக்கட்டியால் இரண்டு தொடையின் உள்பக்கத்தை ஒட்டிக் கோடு போட்டாள். அந்தக் கோட்டை வைத்துப் புது ஸ்பாஞ்சில் முன்பக்கத்தை ஒடுக்கி, உட்காரும் இடத்தில் மட்டும் கெட்டியான பட்டை ஒன்றை ஒட்டி, ஓரங்களைச் சரித்து, இரண்டே நாளில் புது உறை தைத்துக் கொடுத்தாள். உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர்தான் குறைந்திருந்தது. ஆனால் உட்கார்ந்தபோது நாலு குறைந்ததுபோல இருந்தது.

பழைய உறையைத் தம்பி சாக்குப் பையில் கட்டிப் பரணில் ஏற்றினான். அடுத்து பின்பக்கத்துக்கு வந்தான். முன்பு ஓட்டிய நெட்டை மனிதர் ஆள் கனம் என்பதால் ஸ்பிரிங்கை இறுக்கு இறுக்கென்று இறுக்கி வைத்திருந்தார். அதைத் தளர்த்தியதும் வண்டி அவளுடைய எடைக்கே இரண்டு சென்டிமீட்டர் பணிந்தது. ஸ்பிரிங்கையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் தகட்டைச் சற்று நீளமானதாக மாற்றியதில் இன்னும் மூன்று. பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், வளைவில் பேச்சுக் கேட்காது. அதனால் முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களைப் பிடிப்புக்குள் அதே அளவு மேலே ஏற்றினான்; முன்பக்கமும் இறங்கியது. டயர் எங்கும் உரசுகிறதா என்று தானே பின்னால் உட்கார்ந்து குதித்துப் பார்த்தான். எல்லாம் முடித்து, கையைத் துணியில் துடைத்து, ஸ்டாண்டைப் போட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து தன் வேலையை ரசித்தான்.

தெருவில் ஒரு லாரி போனது. அந்தக் காற்றுக்கே வண்டி மறுபக்கமாக மெதுவாகச் சாய்ந்து, தம்பியின் தகர அலமாரியோடு சேர்ந்து தரையில் படுத்தது.

ஊசியம்மா குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தாள்.

"வண்டி இறங்கிடுச்சு," என்றாள் ஊசியம்மா. "ஸ்டாண்ட் இறங்கல. அதானே?"

"அதான்," என்றான் தம்பி. முகம் காது வரை சிவந்திருந்தது. "நின்னுட்டிருக்கும்போது விழறது நம்ம குடும்ப வழக்கம் போல."

ஸ்டாண்டை அறுத்து, குட்டையாக்கி, மறுபடி பற்றவைத்தான். மீதியிருந்த நாட்களில் பட்டறைக்குப் பின்னாலிருந்த வெற்று மைதானத்தில் ஊசியம்மா ஓட்டிப் பழகவில்லை, நிறுத்திப் பழகினாள். ஓட்டத்தான் அவளுக்குத் தெரியுமே. இரண்டு பாதத்தையும் ஊன்றவேண்டும் என்ற ஆசையை முதலில் விட்டாள். நிற்பதற்கு முன்பே எந்தப் பக்கம் மேடு என்று கண் பார்க்க வேண்டும். இடுப்பை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்ற வேண்டும். மறுகால் மிதியிலேயே இருக்கட்டும். முதல் நாள் மூன்று தடவை தடுமாறினாள். நாலாம் நாள் கல்லின் மேல் நிறுத்தினாள், பள்ளத்தில் நிறுத்தினாள், தம்பி வேண்டுமென்றே குறுக்கே வந்து நின்றபோதும் நிறுத்தினாள். அவன் உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தான்.

திங்கட்கிழமை காலை மேலதிகாரி ஆபீஸ் வாசலுக்கு வந்து நிற்கவும் தொலைபேசி மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மலைச்சரிவின் கடைசிப் பண்ணையில் பசு ஒன்று விடியற்காலையிலிருந்து முக்குகிறது, கன்று வரவில்லை. டாக்டர் வேறு திசையில் போயிருந்தார். ஜீப் பழுதுபார்க்கப் போயிருந்தது.

"நான் கிளம்புறேன் சார்," என்றாள் ஊசியம்மா, பெட்டியைக் கட்டிக்கொண்டே. "பாக்கணும்னா ஏறிக்குங்க."

மேலதிகாரி வண்டியைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், தன் பளபளக்கும் காலணியைப் பார்த்தார். ஏறிவிட்டார்.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு அவள் தோள் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வளைவில், பாதி ஏற்றத்தில், நாற்பது ஆடுகள் பாதையை அடைத்து நின்றன. நிற்பதைத் தவிர வழியில்லை. ஊசியம்மாவின் கண் முதலில் ஆடுகளைப் பார்க்கவில்லை. இடதுபுறம் மண்மேட்டைப் பார்த்தது. இடுப்பு நகர்ந்தது, பாதம் மேட்டில் முழுதாகப் பதிந்தது, வண்டி நின்றது. அந்த நொடியில் பின்னாலிருந்தவர் பயத்தில் இரண்டு காலையும் தரையில் ஊன்ற, வண்டி வலதுபக்கம் ஆடியது.

"சார், காலைத் தூக்குங்க."

"விழுந்துடுவோம்மா..."

"நீங்க காலைத் தூக்கினா விழமாட்டோம்."

அவர் தூக்கினார். வண்டி அசையாமல் நின்றது. ஆடுகள் ஒவ்வொன்றாக அவர்களை முறைத்துவிட்டு நகர்ந்தன. கடைசி ஆடு போனதும் வண்டி கிளம்பி, வழுக்காமல் மேலேறியது.

பண்ணையில் பசு படுத்தே விட்டிருந்தது. தலை வந்திருந்தது, ஒரு முன்கால் வந்திருந்தது. மற்றது உள்ளே மடிந்து கிடந்தது. பண்ணைக்காரர் முயன்று பார்த்துத் தோற்றிருந்தார். அவர் கை பெரிது, இடம் சிறிது. ஊசியம்மா தோள் வரை கழுவிக்கொண்டு, தொழுவத் தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கையை உள்ளே விட்டாள். பசு முக்கும்போது நிறுத்தி, தளரும்போது நகர்ந்து, குளம்பை உள்ளங்கையால் மூடி மெல்ல முன்னுக்கு வளைத்தாள். இருபது நிமிடம் போயிருக்கும். "கயிறு," என்றாள். பண்ணைக்காரரும் மேலதிகாரியும் கயிற்றைப் பிடித்தார்கள்.

"இப்ப இழுங்க. மெதுவா. கீழ்ப்பக்கமா."

கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. முதலில் அசையவில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோல் தண்டால் நாசியைச் சீண்டி, விலாவைப் பரபரவென்று தேய்த்தாள். அது தும்மியது. தாய் கழுத்தைத் திருப்பி நக்கத் தொடங்கியது. பண்ணைக்காரர் உட்கார்ந்துவிட்டார். மேலதிகாரியின் காலணியில் இப்போது பளபளப்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இறங்கி வந்து ஆபீஸ் வாசலில் நின்றதும் அவர் இருக்கையைத் தட்டிப் பார்த்தார்.

"ஆபீஸ் வண்டியை அறுத்திருக்கீங்க போலிருக்கே."

"பழைய உறை, தகடு எல்லாம் பத்திரமா இருக்கு சார். நெட்டையா யாராவது வந்தா அரை நாள்ல மாட்டிடலாம். ஸ்பாஞ்சும் ஸ்டாண்டும் மட்டும் புதுசா வாங்கணும்."

"ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. என்ன என்ன மாத்தினீங்கன்னு. நான் கையெழுத்துப் போடுறேன்." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "அந்தப் பதினாறு பண்ணைக்கும் இந்த மாசத்துக்குள்ள ஊசி முடிக்கணும்."

"முடிச்சிடலாம் சார்."

ஒரு வாரம் கழித்துத் தம்பியிடமிருந்து போன் வந்தது. ஆற்றுக்குக் கீழேயுள்ள பண்ணைகளைப் பார்க்கும் பெரிய மீசைக்காரர், ஊசியம்மாவைவிட எட்டு வருடம் மூத்த ஊழியர், யாருக்கும் தெரியாமல் பட்டறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாராம். இத்தனை வருஷமாக நுனிக்காலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தாராம், வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம்.

"என்ன சொல்றார்?"

"'உங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்க'ன்னு சொல்றார்."

"சரி, எனக்குத் தெரியாது," என்றாள் ஊசியம்மா. "ஸ்பாஞ்சை நீ அறுக்காதே. அந்த அம்மாகிட்ட கொடு."

ஏழாவது பண்ணையின் வேலியோரம் நின்றிருந்தாள் அவள். போனைப் பையில் போட்டுவிட்டு, மருந்துப் பெட்டியின் பனிக்கட்டி உருகவில்லையே என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு இடுப்பை நேராக்கி வண்டியைக் கிளப்பினாள். மேலே இன்னும் ஒன்பது பண்ணை இருந்தது, பொழுதும் நிறைய இருந்தது.