செம்புக் குழாய்

பம்பாயில் சில வருடம் இருந்துவிட்டுச் சங்ககிரிக்குத் திரும்பிய சவரிராயன், பழைய கண்ணாடித் தொட்டியில் மறுபடியும் கடல்மீன் வளர்க்க ஆசைப்பட்டான். தூத்துக்குடியிலிருந்து வந்த உப்பு லாரியில் கடல்நீரும் பவளப்பாறைத் துண்டுகளும் மீன்களும் வந்திறங்கின.

தொட்டியைக் கழுவும்போது, காற்று ஊத முன்பு அவனே பொருத்திய செம்புக் குழாயில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைக் கண்டான். பம்பாய் போகுமுன் தொட்டியில் செத்து மிதந்த மீன்களைக் கொன்றது, உப்புநீரில் கரைந்த அந்தச் செம்பு விஷம்தான் என்று இப்போது புரிந்தது. அவனோ, மனைவி சகாயம்மாள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மீன்களைச் சாகடித்துவிட்டதாக ஊரறியத் திட்டிவிட்டுத்தான் அன்று ரயிலேறியிருந்தான்.

குழாயோடு அடுப்படிக்குப் போனான். “தப்பு என்னோடதுதான், சகாயம்.”

“நான் ஊத்தலைன்னு அப்பவே அழுதேனுங்க. நீங்க நம்பலீங்க,” என்றாள் அவள், அரிசி களைந்தபடி.

“புது மீனை நீயே வந்து உடு.”

“எனக்கு அந்த ஆசை உட்டுப்போச்சுங்க.”

அவன் தனியாகத்தான் மீன்களை விட்டான். அவை பாறையிடுக்கில் ஒளிந்து விளையாடுவதை அவளைக் கூப்பிட்டுக் காட்ட வாய் வரவில்லை.