படுக்கை கிடைத்த விதம்

ப்ரென்ட் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போதை மாத்திரை எதையும் தொடவில்லை. அக்கா டார்சியின் வீட்டு அடித்தளத்தில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டு வாந்தியும் பேதியுமாகக் கிடந்தான். எலும்புக்குள் எறும்பு ஊர்கிறது என்று காலால் சுவரை உதைத்தான். டார்சி பள்ளிச் சமையலறை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவனுக்குக் கோழி சூப்பும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுபோய் வைப்பாள். பாதி நேரம் அப்படியே எடுத்து வருவாள்.

வியாழக்கிழமை காலையில் அவன் தானாகவே படியேறி வந்தான். குளித்தான். இரண்டு முட்டையைப் பொரித்து நின்றபடியே தின்றான்.

"என்னடா, மனுஷன் மாதிரி இருக்க?"

"வேஷம் போட்டுப் பாக்கறேன். பொருந்துதா?"

டார்சி சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர்கள் ஊரான ஓல்கட்டில் பாதி ஆண்களைப் போல அவனும் பன்றி வெட்டும் ஆலைக்குத்தான் போனான். அங்கே தோள்பட்டைத் தசை கிழிந்தது. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார், கொடுத்துக்கொண்டே இருந்தார், ஒருநாள் சட்டென்று நிறுத்திவிட்டார். ப்ரென்டால் நிறுத்த முடியவில்லை. தெருவில் கிடைக்கும் நீல மாத்திரைக்குப் போனான். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. வேலை போயிற்று. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெப்ராஸ்காவுக்குப் போய்விட்டாள். அவனோடு பள்ளியில் கால்பந்து ஆடிய மூன்று பேர் இதே மாத்திரையால் லூதரன் சர்ச்சுக்குப் பின்னால் மண்ணுக்குள் இருக்கிறார்கள். இதற்கு முன்னாலும் அவன் தானாகவே நிறுத்தியிருக்கிறான். ஒரு வாரம் தாண்டியதில்லை.

அதனால்தான் அன்றைக்கு, முன்பே பெயர் கொடுத்திருந்த போதை மீட்புச் சிகிச்சை மையத்திலிருந்து போன் வந்து, படுக்கை ஒன்று காலியாகியிருக்கிறது, இன்றே வந்தால் தருகிறோம் என்றதும் டார்சி அடுப்பைக்கூடச் சரியாக அணைக்காமல் காரை எடுத்தாள். ஒரு மணி நேரப் பாதை. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் அறுத்த கட்டைகளுக்கு மேல் பனி படிந்து கிடந்தது. ப்ரென்ட் ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தான். பழைய பாட்டு ஒன்றைக் கூடவே பாடவும் செய்தான்.

மையத்தில் லவோன் என்ற நர்ஸ் அவனை உள்ளே அழைத்துப் போனாள். நாடி பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், கையை நீட்டச் சொல்லி நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு டார்சியை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

"கண்ணு, உன் தம்பி மோசமான கட்டத்தைத் தாண்டிட்டான். எல்லாம் நார்மலா இருக்கு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா இது போதை இறங்கறவங்களுக்கான படுக்கை. அவனுக்குத்தான் இறங்கி முடிஞ்சிருச்சே. இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப அவன் எங்க போவான்?"

"போதை ஏக்கத்தை அடக்கறதுக்குத் தினமும் மருந்து தர்ற டாக்டர் இருக்கார். அவரைப் பாக்கறதுக்கு ஆறு வாரமாகும்."

"ஆறு வாரம் அவன் உசுரோட இருப்பான்னு நீங்க எழுதித் தர்றீங்களா?"

லவோன் கதவைச் சாத்தினாள். "நான் சொன்னேன்னு சொல்லாத. இன்னைக்கு மாத்திரை எதையாவது போட்டுக்கிட்டு வந்தான்னா கேள்வியே இல்ல, உள்ள எடுத்துப்பாங்க. நாலு மணி வரைக்கும் படுக்கையை வெச்சிருக்கேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்."

காரில் ஏறி, படுக்கை கிடைக்காது என்று கேட்டதும் ப்ரென்ட் வாய்விட்டுச் சிரித்தான். "பொறந்ததுலேருந்து மொத தடவையா ஒரு பரீட்சையில பாஸ் பண்றேன். அதுக்குப் போயி வெளிய தள்றானுங்க பாரு."

கதவைச் சாத்திவிட்டு நர்ஸ் சொன்னதையும் டார்சி சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது.

"வேண்டாம்க்கா. வீட்டுக்குப் போலாம்."

"போயி?"

"தூங்கறேன். காலைல எந்திரிக்கறேன். மறுபடி தூங்கறேன். அவ்வளவுதானே."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. கழிப்பறைக் கதவை ஒடைச்சு உன்னை வெளிய இழுத்தது யாரு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஓல்கட் எல்லையில் டார்சி வீட்டுத் தெருவுக்குத் திரும்பாமல், தானியக் கிடங்கைத் தாண்டி தகரப் பெட்டி போன்ற டிரெய்லர் வீடுகள் இருக்கும் பக்கம் காரை விட்டாள். ப்ரென்ட் தடுக்கவில்லை. அவள் இறங்கும்போது மட்டும், "அக்கா," என்றான். அவள் காதில் விழாததுபோல் நடந்தாள்.

கதவைத் திறந்தது லானி. ப்ரென்டின் வகுப்புத் தோழன், நீல மாத்திரை விற்பவன். பிஜாமாவோடு நின்றான்.

"அட, டார்சி அக்கா! என் பொண்ணு வீட்டுச் சாப்பாட்டையே தொடறதில்ல. நீங்க பள்ளிக்கூடத்துல பண்ற மாக்கரோனி மாதிரி இல்லையாம்."

"எனக்கு ஒண்ணு வேணும், லானி. ப்ரென்டுக்கு."

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "அவன் வரலையா? நல்லா இருக்கானா?"

"நல்லாத்தான் இருக்கான். எப்பவும் போல."

அத்தனை நாளாக ப்ரென்ட் எதையும் தொடவில்லை என்பதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால், பிறகு எதற்கு இப்போது என்று கேட்பான். லானி உள்ளே போய், காகிதத்தில் மடித்த ஒன்றை அவள் கையில் வைத்தான்.

தானியக் கிடங்குக்குப் பின்னால் காரை நிறுத்தினாள். காகிதத்தைப் பிரித்ததும் ப்ரென்டின் முகம் மாறிப்போனது. காலையில் முட்டை பொரித்தவன் எங்கோ போய்விட்டான்.

"பாதி போதும்டா, நாலு நாள் விட்ட ஒடம்பு தாங்காது," என்றாள்.

"தெரியும். நீ அந்தப் பக்கம் பாரு."

அவள் கிடங்கின் வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெருமூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. திரும்பியபோது அவன் தலை மார்பில் தொங்கியது. உதடு சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்து அதுவும் நின்றது.

போதை மீறி மூச்சு நின்றால் அடிப்பதற்கு நூலகத்தில் இலவசமாகக் கொடுக்கும் மூக்கு மருந்து அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஒன்றை அவன் மூக்கில் அடித்தாள். அசைவில்லை. அவனைப் பனியில் இழுத்துப் போட்டு வாயோடு வாய் வைத்து ஊதினாள். "ப்ரென்ட்! டேய்! கண்ணைத் தெறடா!" கன்னத்தில் அறைந்தாள். இரண்டாவது மருந்தையும் மூக்கில் அடித்தாள். ஊதிக்கொண்டே இருந்தாள். அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு, அவள் மடியிலேயே முட்டையை வாந்தியெடுத்தான்.

அவள் போன் செய்ததும் ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் மையமே வேன் அனுப்பி அவனை அழைத்துக்கொண்டது. இப்போது எந்தத் தடையும் இல்லை; ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போனதும் படுக்கையை அவனுக்கே வைத்திருந்தார்கள். லவோன் டார்சியின் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை நீட்டினாள். டார்சி கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே அவனுக்குத் தினசரி மருந்தை ஆரம்பித்தார்கள். வெளியே வந்தபின் ஓல்கட்டுக்குத் திரும்பவில்லை. மையம் இருந்த ஊரிலேயே குடியும் போதையும் விட்டவர்கள் சேர்ந்து வாழும் வீடு ஒன்றில் தங்கி, டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அம்மாவுக்கு வாராவாரம் போன் செய்வான். டார்சிக்குச் செய்வதில்லை. டார்சிதான் தம்பியைக் காப்பாற்றினாள் என்று அம்மா சர்ச்சில் எல்லோரிடமும் சொன்னாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் டார்சி காப்பிக் கோப்பைகளைக் கழுவப் போய்விடுவாள்.

கோடையில் ஒருநாள் அவளே அவனைப் பார்க்கப் போனாள். கடை வாசலில், கையில் கிரீஸோடு வந்து நின்றான். சதை போட்டிருந்தான். நன்றாகத்தான் இருந்தான்.

"மருந்து சாப்பிடறியா?"

"ம்."

ஒரு கந்தலை எடுத்துக்கொண்டு, "அன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னேன்," என்றான்.

"படுக்கை கெடைக்கணுமேன்னு..."

"தெரியும். உன்னைத் தப்பு சொல்லல." கந்தலால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். "அந்தத் தடவை நானாவே நிறுத்தியிருப்பேனோ என்னமோ. அது இனிமே எனக்குத் தெரியவே போறதில்ல. அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு லாரி வந்து நின்றிருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்று டார்சி கேட்டாள்.

"இப்ப வேண்டாம்க்கா," என்று சொல்லிவிட்டு அவன் ஜாக்கியை இழுத்துக்கொண்டு லாரியிடம் போனான்.