நாலாவது கார்டு

“மூணு கார்டும் வந்துச்சு. மூணையும் நான்தான் அடுப்புல போட்டேன்.”

“நாலு அனுப்பினேன்க்கா.”

“மூணுதாம்மா வந்துச்சு. எனக்கு எண்ணத் தெரியாதா?”

சொர்ணம் சிரித்தபடி டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். அந்தச் சிரிப்பில் என் பயம் பாதி குறைந்தது. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்க நாக்கு எழவில்லை. அவள் மகள் சிந்து உயிரோடு இருக்கிறாளா?

பெங்களூரில் ஒரு கேன்சர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் எனக்கு வேலை. ரத்தப் புற்றுநோயோடு வந்த எழுபது குழந்தைகளைப் பற்றி எங்கள் டாக்டரம்மா பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். என்ன வயது, முதலில் என்ன தொந்தரவு, இப்போது எப்படி இருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்காக, பதில் எழுதித் திருப்பி அனுப்பும் கார்டுகளை வீடுகளுக்குப் போட்டது நான். நான் படிக்கும் நாவல்களில் கடிதங்கள் பனியைக் கடந்து குதிரை வண்டியில் வரும். எனக்குக் கோலாரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் மஞ்சள் கார்டில் வந்தன. சிலவற்றைப் படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அறுபத்தொன்பது வந்துவிட்டன. வராதது இந்த அத்திபெலே வீட்டிலிருந்து மட்டும்தான். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

சிந்துவின் கேஸ் ஷீட் எனக்கு மனப்பாடம். 1991, வயது நாலு. மூன்று வாரமாகக் காய்ச்சல், வெளுத்த முகம், தொடையில் நீலத் திட்டுகள், கழுத்தில் நெறிக்கட்டி, வீங்கிய மண்ணீரல். எல்லாவற்றுக்கும் முன்பே கால் வலி.

“கட்டு போடுறவர்கிட்டதான் மொதல்ல போனோம்,” என்றாள் சொர்ணம். “சுளுக்குன்னாரு. இந்த மாடிப்படிதான். மூணாவது படியில உக்காந்துக்குவா, தூக்குன்னு. அடம் புடிக்கிறான்னு அடிச்சிட்டேன். அப்புறம் ரெண்டரை வருஷம் அதே கையால மாத்திரை குடுத்தேன்.”

எங்கள் பட்டியலிலும் பலர் அப்படித்தான் என்றேன். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ளவர்கள், நடக்க மறுத்தவர்கள், முதலில் அடி வாங்கியவர்கள். சொர்ணம் நிமிர்ந்து பார்த்தாள்.

“மத்தவங்களும் அடிச்சாங்களா?”

அப்போது படிகளில் தடதடவென்று சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு இரட்டைச் சடை உள்ளே வந்தது. பதினோரு வயது, முழங்காலில் மண். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீயை ஊதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“யாரும்மா?”

“கார்மெண்ட்ஸ்ல கூட வேலை செய்யுற ஜூலியா அக்கா. போயி மூஞ்சி கழுவு.”

அவள் நகர்ந்ததும் சொர்ணம் என் காதருகே வந்தாள். “ரத்தம் கம்மின்னுதான் அவகிட்ட சொல்லியிருக்கேன். உங்க கார்டுல ஆஸ்பத்திரி பேரு கொட்டை எழுத்துல இருக்கு. போஸ்ட்மேன் படிக்கிறான், கீழ் வீட்டுக்காரி படிக்கிறா. நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காட்சி வேணாமா? செக்கப்புக்கு நானே கூட்டிட்டு வர்றேன். இனிமே கார்டு போடாதம்மா.”

திறந்த கார்டை நாலு பேர் படிப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. “போட மாட்டேன்க்கா,” என்றேன். நோட்டில் ‘நலம்’ என்று எழுதினேன். அந்தச் சொல்லை அவ்வளவு அழகாக அதற்கு முன் நான் எழுதியதே இல்லை.

தோளில் புத்தகப் பையோடு சிந்து பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். கடைசி மூன்று படிகளை ஒரே தாவலில் தாண்டினாள்.

“கார்மெண்ட்ஸ் அக்காவா நீங்க? விரல்ல ஒரு ஊசிக் குத்துகூட இல்ல. எங்கம்மா கையைப் பாத்திருக்கீங்களா?”

நான் விரல்களை மடக்கிக்கொண்டேன். அவள் புத்தகப் பையிலிருந்து பூகோளப் புத்தகத்தை எடுத்தாள். அதற்குள் நாலாவது கார்டு. ‘உங்கள் குழந்தை நலமா?’ என்ற வரிக்குக் கீழே உருண்டை எழுத்தில், ‘நல்லா இருக்கேன். ஓட்டத்துல செகண்டு’ என்று இருந்தது.

“அம்மா வேலைக்குப் போயிருந்தப்ப வந்துச்சு. தபால் பெட்டியில போட்டா போஸ்ட்மேன் அம்மாகிட்ட சொல்லிடுவான். அதான் வெச்சிருந்தேன். எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா பயந்துக்கும்.”

சிட்டி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். படியில் ஏறி நின்ற என் பையை அவள் விடவில்லை.

“அக்கா, அடுத்த தடவ கவர்ல போடுங்க. ஸ்கூல் அட்ரஸுக்கு, என் பேருக்கு. போடுவீங்களா?”