எட்டாயிரம் சுற்று

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் முதலில் காணாமல் போனது பிரிட்ஜின் உறுமல். பிரிட்ஜ் ஓடியது, பால் குளிர்ந்தது, ஐஸ் உறைந்தது. சத்தம் மட்டும் இல்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் முன்புதான் அவர் அந்தப் பழைய எலக்ட்ரிக் கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பழைய கிட்டார் கையில் கிடைத்த மனிதனுக்கு முதல் ஒரு வாரம் எதுவுமே தோன்றாது என்பது அவர் மனைவிக்கு அனுபவத்தில் தெரியும்.

வாங்கியது ஓய்வுபெற்ற நூலகர் அம்மா ஒருவரிடம். ஹோட்டல்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மா விலையை ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். பேரத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஆயுசு முழுக்க ஊரையே 'பேசாதீங்க' என்று அதட்டியவர் தானும் பேசாமல் இருந்ததில் கடைக்காரருக்கு வியப்பில்லை. அந்த வீட்டில் தம்ளரை மேசையில் வைத்தபோது சத்தம் வராததைக்கூட அவர் பிறகுதான் நினைத்துப் பார்த்தார். கிட்டாரின் பின்தகட்டில் நான்கு ஸ்க்ரூவும் துருவேறியிருந்தன. அறுபது வருஷமாக யாரும் அதைத் திறக்கவில்லை என்று அர்த்தம். அவர் கண் அதிலேயே இருந்தது. விலைச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிட்டார்ப் பெட்டி மூடியின் உள்பக்கம் அத்தாட்சியாக ஒட்டிக்கொண்டார். அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அவர் வீட்டு ஹாலில் மூன்று பேர் கூடுவார்கள்: அவர், ஒரு பல் டாக்டர், ஒரு லிப்ட் மெக்கானிக். மூவரிடமும் சேர்ந்து கிட்டார் பதினேழு, காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெடல் நாற்பத்தொன்று, சேர்த்துப் பிடிக்கத் தெரிந்த சுரக்கூட்டு, அதாவது கார்டு, ஒன்பது. ஒரு பாட்டை முடித்ததாகப் பதிவு எதுவும் இல்லை. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல், எதிரொலி கொடுக்கும் டிலேவுக்கு முன்னாலா பின்னாலா என்ற விவாதம் நான்கு வருஷமாக நடந்துவந்தது. நான்காவதாக ஓர் உறுப்பினர் இருந்தார். அந்த விவாதத்தில்தான் கோபித்துக்கொண்டு போனார். இந்த மூவருக்கும் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான்: பழைய கிட்டாரில் கை வைக்கக் கூடாது. ஒரு ஸ்க்ரூவை மாற்றினாலும் அது விறகு.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் வெளிக்கேட்டின் கிறீச்சும் நாயின் குரைப்பும் போயிருந்தன. நாய் வாசலில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு, அவமானப்பட்ட மாதிரி கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி ஒரு கார்டைத் தட்டியதும் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "அடியில ஒரு உறுமல் கேக்குது பாருங்க. இப்ப வர்ற கிட்டார்ல இதெல்லாம் வராது." அது பிரிட்ஜ். டிஸ்டார்ஷனை மிதித்ததும் சுருதிக்குள் ஏதோ குரைத்தது. மெக்கானிக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. மகிழ்ச்சியில்தான். அதற்கடுத்த ஞாயிறு டிலே பெடலை மிதித்தபோது ஒரு தும்மல் வந்தது. மூன்று தடவை, ஒன்றைவிட ஒன்று மெலிந்து.

கடைக்காரரின் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்து விற்பவர். மெஷினை நிறுத்திவிட்டு ஹாலுக்கு வந்தார். மூன்று நாளாகத் தான் தும்மினால் சத்தம் வருவதில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அது என் தும்மல்," என்றார். "என் தும்மல் உங்க கிட்டாருக்குள்ள என்ன பண்ணுது?"

கடைக்காரர் கிட்டாரின் வயரைப் பிடுங்கினார்.

அன்றே கிட்டார் பெட்டிக்குள் போனது, பெட்டி அலமாரிக்கு மேல் போனது. பயனில்லை. வியாழக்கிழமை ஏழு வயது மகளின் காலடிச் சத்தம் போயிற்று. திரும்பினால் பக்கத்தில் நிற்பாள், எப்போது வந்தாள் என்று தெரியாது. சனிக்கிழமை அவள் சிரிப்பு போயிற்று. நாய் வாலைத் துரத்துவதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, ஒரு சத்தமும் இல்லாமல் சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த அப்பா அலமாரிக்கு மேல் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கிட்டாரை விற்றுவிடலாமா என்றால், உள்ளே இருப்பதும் சேர்ந்து விலைபோய்விடும்.

திங்கள் காலை குழந்தைகள் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தார். வேறொன்றை வாங்கி வைத்தார். பிறகு தன் நெஞ்சில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டார். "நாடி இருக்கு, பிள்ளை நல்லாத்தான் இருக்கா," என்றார் மெதுவாக. "ஆனா இதயம் கேக்கல."

வீட்டுக்கு வந்ததும் மனைவி நாற்காலி போட்டுப் பெட்டியை இறக்கினார். மூடியைத் திறந்து, உறையைப் பிய்த்து, சீட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் நூலகக் கையெழுத்து, சின்னதாக, வரிசை பிசகாமல்: 'வீட்டில் பிள்ளை இருந்தால் வாங்க வேண்டாம். முதலில் இவர் இருமல் போனது. பிறகு இதயச் சத்தம். அதற்கப்புறம் ஒன்பது நாள் நடமாடினார். பத்தாம் நாள் இல்லை. பிறகு என் குரல்.'

சத்தம் எங்கே தங்குகிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குக் குறிப்பேடும் புத்தகமுமாக எட்டு நாள் பிடித்தது. அந்த எட்டு நாளும் அம்மாவும் அப்பாவும் முறை வைத்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பிகளுக்குக் கீழே இருக்கிற பிக்கப்தான் என்றார் மெக்கானிக். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பி, எட்டாயிரம் சுற்று. ஒவ்வொரு சத்தமும் அதில் சுற்றிக்கொண்டு கிடக்கிறது; கடைசியாகப் போனது மேலே இருக்கும்.

"அண்ணே, அது ஒரிஜினல் சுத்து," என்றார் பல் டாக்டர். சொல்லிவிட்டுத் தன் வாயையே கையால் பொத்திக்கொண்டார். கடைக்காரரும் ஒரு கணம் தயங்கினார் என்பதை மறைக்க முடியாது. ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான். அதற்காக அவர் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் மூக்குக்கண்ணாடி திருகும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் அந்தத் துருப்பிடித்த நான்கையும் அவரே கழற்றினார். மெக்கானிக், வயர்களைப் பிடித்திருந்த ஈயப் பற்றை உருக்கிப் பிக்கப்பை எடுத்தார். பல் டாக்டர், பல்லைத் துழாவும் தன் கொக்கி ஊசியால் கம்பியின் நுனியைத் தேடிப் பிடித்தார். மனைவி அதைத் தையல் மெஷினின் பாபினில் சுற்றி, காலால் மெல்ல மிதிக்கத் தொடங்கினார். கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. மூச்சுக்காற்று படாமல் நான்கு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நூறு சுற்று. இருநூறு. ஒன்றும் இல்லை. கம்பி ஒருமுறை விம்மி நின்றது. மனைவி காலை எடுக்காமல், மிதிக்காமல், அப்படியே வைத்திருந்தார். டாக்டர் ஊசியால் தொட்டு விட்டார். ஓடியது.

அறை நடுவில் 'டப்' என்றது.

மகள் நெஞ்சில் கை வைத்தாள். "அப்பா, உள்ள யாரோ தட்டுறாங்க."

அதற்குப் பிறகு சிரிப்பு வந்தது, காலடி வந்தது, தும்மல், குரைப்பு, கேட், பிரிட்ஜ். வந்தது வந்த இடம் பார்த்துப் போயிற்று. போதும், மிச்சத்தை வைத்து வாசிக்கலாம் என்று மெக்கானிக் ஆரம்பித்தபோது கம்பியிலிருந்து யாரோ ஒரு பெண்மணி, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். மனைவி மெஷினை நிறுத்தவில்லை. எட்டாயிரத்தையும் சுற்றி முடித்தபோது கூடுதலாக அந்தப் பெண் குரலும் ஒரு இதயத்துடிப்பும் ஒரு இருமலும் ஹாலில் நின்றன. இருமல் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. துடிப்பு, தங்க உடம்பில்லாமல் சற்று அலைந்துவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குள் போயிற்று.

கிட்டார் இப்போது விறகு, சுவரில் தொங்குகிறது. கடைக்காரர் தினமும் காலையில் மகள் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அவள் நெஞ்சில் காது வைக்கிறார். அவள் நேரமாச்சு என்று அவர் தலைமுடியைப் பிடித்துத் தள்ளுகிறாள். ஞாயிறு பத்து மணிக்கு நூலகர் அம்மாவும் வருகிறார். அவருடைய குரல் அந்த ஹாலை விட்டு நகர மறுப்பதால், பேச வேண்டியதையெல்லாம் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறார். வாசலைத் தாண்டியதும் முதலில் மாத்திரையைப் பற்றித்தான் கேட்கிறார், நாற்காலி இருமுகிறது. இருமல் அடங்கும்வரை பெடல் விவாதம் காத்திருக்கும். அவர் படியேறும்போது சுவர்க் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. அவர் போனபின் கடைக்காரர் நாற்காலி போட்டு ஏறி, முள்ளை ஐந்து நிமிஷம் பின்னால் தள்ளி வைக்கிறார்.