பெற்றோர் மேடையேறிய ஆண்டு விழா

போன வருஷ ஆண்டு விழாவில் கடைசி நடனத்தைப் பார்க்கப் புனித அன்னம்மாள் தொடக்கப் பள்ளி மைதானத்தில் ஆளே இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளையின் பாட்டு வந்ததும் எழுந்து நின்று செல்போனில் படம் பிடித்தது. பின்வரிசைக்காரர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னாலிருந்தே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மயில் உடையில் ஆடி முடித்துக் கைகூப்பியபோது கீழே இருந்தது பங்குத்தந்தையும் வாட்ச்மேன் பஞ்சாட்சரமும் வாடகை நாற்காலிகளை எடுத்துப்போக வந்த ஆட்களும்தான்.

தலைமையாசிரியை சிஸ்டர் அமலோற்பவம் அன்று யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தத் தை மாதம் பெற்றோர் கூட்டம் கூட்டி நிதானமாக அறிவித்தார். இந்த வருஷம் பிள்ளைகள் கீழே நாற்காலியில் உட்காருவார்கள், மேடையில் ஏறப்போவது அப்பா அம்மாக்கள். ஒரு நாடகம். அதில் பெரியவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். எப்படி நடிப்பது என்று அவரவர் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும்.

சிஸ்டர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்காமல் நின்றதைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு இளங்கோவன் போகவில்லை. அவன் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. ஏ.சி. மெக்கானிக். பட்டுக்கடை, கல்யாண மண்டபம், டாக்டர் வீடு என்று பைக்கின் பின்னால் சாமான் பையைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் முழுக்கச் சுற்றுகிறவன். மனைவி எஸ்தர் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் சுகாசினியைச் சாயங்காலம் பள்ளியிலிருந்து அழைத்துவருவது இளங்கோவனின் வேலை. செவிலிமேட்டில் அவர்கள் வீட்டுப் பக்கம் பள்ளி வேன் வராது.

நாடகத்தில் தான் இருக்கிறோம் என்பதே அவனுக்கு போன் வந்த பிறகுதான் தெரிந்தது. பேசியது பெருந்தேவி. சுகாசினியின் வகுப்பில் படிக்கும் ராமானுஜின் அம்மா. சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. நாடகத்துக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை சிஸ்டர் அவர் தலையில் கட்டியிருந்தார். இளங்கோவன் தனக்கு நேரமே கிடையாது, கோடை வரப்போகிறது, வேலை குவியும், மேடையில் ஏறினால் கைகால் உதறும் என்று வரிசையாகக் காரணம் சொன்னான். பெருந்தேவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"உங்க பொண்ணுதான் பேர் குடுத்திருக்கா. வரமாட்டேன்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுங்கோ. என்னால அது முடியாது" என்றார்.

அன்று மாலை வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தான். "இன்னாம்மா, என்னை ஒரு வார்த்தை கேக்காம பேரு குடுத்துட்ட?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவியே பா" என்றாள் சுகாசினி, தட்டைப் பார்த்தபடி.

இளங்கோவன் அடுத்த தோசையைத் தீய விட்டுவிட்டான்.

ஒத்திகை இரண்டாம் வகுப்பு அறையில் நடந்தது. சின்ன பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முதல் காட்சி பள்ளிக்குக் கிளம்பும் காலை நேரம். ராஜாஜி மார்க்கெட் அருகே சிப்ஸ் கடை வைத்திருக்கும் லோகேஸ்வரனுக்கு ரெட்டை ஜடை போட்ட சிறுமி வேஷம். மீசையை எடுக்கவே மாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீசை இருக்கட்டும், ஆனால் சிக்கெடுக்கும்போது கத்தாமல் பல்லைக் கடிக்க வேண்டும், கத்தினால் அம்மா இன்னும் அழுத்தி வாருவாள் என்று அவர் மகள் கற்றுக்கொடுத்தாள். பின்வரிசையில் இருந்த அவர் மனைவி அப்போது ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கத் தொடங்கினார்.

இரண்டாவது காட்சி வீட்டுப்பாடம். வாய்ப்பாடு ஒப்பிக்கும் பையனாகப் பெருந்தேவி. அவர் முகத்தைக் கையால் மூடி அழுது காட்டியதும் ராமானுஜ் தலையசைத்தான். "அப்படி இல்லேம்மா. அழுகை வரணும், ஆனா வெளியில வரக்கூடாது. வந்தா நீ முதல்லேர்ந்து சொல்லச் சொல்லுவே." கல்லூரியில் நூறு பேரை ஒரு பார்வையில் அடக்குகிறவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். பிறகு அவன் சொன்னபடியே செய்தார்.

மூன்றாவது காட்சி பள்ளி விட்ட பிறகு. அதில் இளங்கோவன்தான் பிள்ளை. பெருந்தேவியின் கணவர் கிருஷ்ணஸ்வாமி அவனை அழைத்துப்போக வரும் அப்பா. பஞ்சாட்சரத்துக்கு வேஷமே தேவைப்படவில்லை, அவரை வாட்ச்மேனாகவே நடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

"நான் ஒருவாட்டி செஞ்சு காட்டறேன், பாத்துக்கோ பா" என்று சுகாசினி வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். போகிற பிள்ளைகளுக்குக் கை காட்டுவதுபோல் சிரித்துக்கொண்டே கை காட்டினாள். தெருவில் நிஜமாகவே ஒரு பைக் போனது. சட்டென்று எழுந்து எட்டிப் பார்த்தாள், உட்கார்ந்தாள். இன்னொரு வண்டி. எழுந்தாள், உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டைக் குடித்தாள்.

"எல்லாரும் போனப்புறம் வாட்ச்மேன் தாத்தாகிட்ட பேசணும். ஆனா ரொம்ப பேசக்கூடாது. பேசிக்கினே இருந்தா வண்டி சத்தம் கேக்காது. அப்புறம் அப்பா வந்து சாரிம்மான்னு சொல்வாரு. நீ உடனே, இப்பதான் பா பெல் அடிச்சாங்கன்னு சொல்லணும்."

இளங்கோவனுக்கு அந்த வாக்கியம் நன்றாகத் தெரியும். தினமும் கேட்பதுதான். பள்ளியில் மணி அடிப்பதே தாமதமாகத்தான் போலிருக்கிறது என்று அவன் உண்மையிலேயே நம்பியிருந்தான்.

"தெனமும் இப்டியேவா உக்காந்துக்கினு இருப்ப?"

"இல்ல பா. மழை வந்தா உள்ள உக்காருவேன்."

பஞ்சாட்சரம் இல்லாத தூசியைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னான். அவளும் அந்தப் பொய்யை நம்பியிருந்தவள்தான். இருவரும் மாற்றி மாற்றி வழி யோசித்தார்கள். அவள் ஷிப்டை மாற்றித் தர ஆஸ்பத்திரியில் மறுத்துவிட்டார்கள். இளங்கோவன் மறுநாளும் அதற்கடுத்த நாளும் மணி அடிக்கும் முன்பே வாசலில் போய் நின்றான். சுகாசினி குதித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் ஒரு கல்யாண மண்டபத்தில், நிச்சயதார்த்தத்துக்கு ஆட்கள் வந்து இறங்கும் நேரத்தில் ஏ.சி. நின்றுபோனது. வேலையை முடித்துவிட்டு அவன் பறந்து வந்தபோது அவள் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் சிரித்தாள். மணி இப்போதுதான் அடித்ததாகச் சொல்லவில்லை. அதுவே அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது.

விழா நாளன்று பிள்ளைகள் கால் தரையில் எட்டாமல் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெற்றோர் சீருடையில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். இளங்கோவனின் அரைக்கால் சட்டையை எஸ்தர் அளவெடுத்துத் தைத்திருந்தாள். அன்று விடுப்பு எடுத்துவந்து எல்லோருக்கும் பவுடர் பூசிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

லோகேஸ்வரன் மீசையும் ரெட்டை ஜடையுமாக வந்து நின்றதும் மைதானமே சிரித்து உருண்டது. ஜடையில் ஒன்று கழன்று விழ, அதை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு வசனத்தைத் தொடர்ந்தார். பெருந்தேவி ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறி நின்றபோது சிரிப்பு அடங்கியது. "சொல்லுங்க ஆன்ட்டி, நாப்பத்தி ரெண்டு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் உதவிக்கு வந்தது. அவர் விடை சொன்னதும் பிள்ளைகள் தாங்களே பாஸான மாதிரி கைதட்டினார்கள்.

மூன்றாவது காட்சியில் இளங்கோவன் மேடையில் போட்டிருந்த படியில் போய் உட்கார்ந்துவிட்டான். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்த நேரத்தில்தான் திரைக்குப் பின்னால் பெருந்தேவியின் போன் அடித்தது. ஆபீசிலிருந்து நேராக வருவதாகச் சொன்ன கிருஷ்ணஸ்வாமி, முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த வேன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு மூங்கில் மண்டபம் சந்திப்பையே இன்னும் தாண்டவில்லை. மேடையில் இருப்பவனுக்கு அதைச் சொல்ல வழியில்லை.

பைக் சத்தம் கொடுப்பது லோகேஸ்வரனின் பொறுப்பு. அவர் வாயாலேயே வண்டி ஓட்டினார். இளங்கோவன் எழுந்து பார்த்தான். யாரும் வரவில்லை. உட்கார்ந்தான். இப்போதாவது வந்திருப்பார் என்று லோகேஸ்வரன் மறுபடி ஓட்டினார். இளங்கோவன் மறுபடி எழுந்தான். பிள்ளைகளுக்கு முதலில் இது சிரிப்பாக இருந்தது. பஞ்சாட்சரம் தன் ஒரே வசனத்தை, அப்பா வந்துடுவாரு உக்காரு என்பதை, இரண்டு முறை சொல்லிவிட்டார். மூன்றாவது முறை சொந்தமாகப் பேசினார்.

"வருவாரு பா. என்னிக்கி வராம இருந்தாரு? வேலை இருந்திருக்கும்."

இளங்கோவன் தலையாட்டினான். கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. நடிப்பதை அவன் எப்போதோ விட்டிருந்தான். இந்தப் படியில் உட்கார்ந்தால் தெரு எவ்வளவு நீளம் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று எழுந்து நின்று, "எங்க வூட்டுக்கு வரியா?" என்று கேட்டது. பக்கத்துக் குழந்தையும் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டது. அங்கே டி.வி. இருப்பதாகவும் சொன்னது.

நடுவரிசையிலிருந்து சுகாசினி இறங்கி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. மேடைமேல் ஏறி, அவன் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

"சாரிம்மா, லேட்டாயிடுச்சு. வா, போலாம்."

மறந்துபோயிருந்த வசனம் அப்போது அவன் வாய்க்கு வந்தது. "இப்பதான் பெல் அடிச்சாங்க" என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவள் இழுத்த பக்கம் நடந்தான். கைதட்டல் எழுந்தது. வெகுநேரம் ஓயவில்லை. திரைக்குப் பக்கத்தில் எஸ்தர் பவுடர் டப்பாவோடு அழுதுகொண்டே சிரித்தாள்.

கிருஷ்ணஸ்வாமி ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தபோது எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தன் காட்சி எப்போது என்று கேட்டார். முடிந்துவிட்டது, நன்றாகவே வந்தது என்று அவர் மகன் ஆறுதல் சொன்னான்.

அன்று யாரும் அவசரமாகக் கிளம்பவில்லை. பெற்றோரே நாற்காலிகளை மடித்து அடுக்கினார்கள். அந்த வேலைக்கு நடுவில்தான் பெருந்தேவி பஞ்சாட்சரத்திடம், தினமும் இப்படி எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராவது இருப்பார்கள், துணிக்கடையில் நிற்கிற அம்மாக்களின் பிள்ளைகள் விளக்கு போடும்வரைகூட இருப்பார்கள் என்றார் அவர். சுற்றி நின்றவர்களின் கைகள் ஓய்ந்தன. இவ்வளவு பேரா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் பேசியது லோகேஸ்வரன். ஜடையை இன்னும் அவிழ்க்கவில்லை. "மதியத்துக்கு மேல என் கடையில வியாபாரம் மந்தம்தான். திங்கக்கிழமை நான் வந்து உக்காந்துக்கறேன். உடைஞ்ச சிப்ஸ் கொண்டாறேன்" என்றார். கிருஷ்ணஸ்வாமி, நாடகத்தில் வராததற்குப் பதிலாக என்று சொல்லி வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டார். பெருந்தேவிக்குச் செவ்வாய் கல்லூரி சீக்கிரம் விடும். வாய்ப்பாடு மட்டும் சொல்லித்தர வேண்டாம் என்று ராமானுஜ் நிபந்தனை போட்டான். எஸ்தர், வார விடுமுறையை வியாழனுக்கு மாற்றிக் கேட்டுப்பார்ப்பதாகச் சொன்னாள். இளங்கோவன் புதன்கிழமை என்றான். சொன்ன பிறகுதான், அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது என்பது அவனுக்கு உறைத்தது. ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை. மறுநாள் தன் பட்டுக்கடைக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து, புதன் சாயங்காலம் மட்டும் தன்னைத் தேட வேண்டாம் என்று தெரிவித்துவிட்டான். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு மெக்கானிக்கிடம் போனார். மற்றவர்கள் சரி என்றார்கள்.

சிஸ்டர் இரண்டாம் வகுப்பு அறையைச் சாயங்காலத்துக்குத் திறந்துவிட்டார். மற்ற நாட்களில் இளங்கோவன் இன்னும் தாமதமாகத்தான் வருகிறான். வந்தால் உள்ளே கேரம் நடந்துகொண்டிருக்கும். ஆட்டம் முடியும்வரை அவனைக் காத்திருக்கச் சொல்வாள் மகள். புதன்கிழமைகளில் அவன் மைதானத்தில் பிள்ளைகளோடு கல்லா மண்ணா ஆடுகிறான். ஓடத் தெரியாதவன் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால் அவனையே துரத்தவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

வீட்டில் ஆள் இருக்கிற பிள்ளைகளும் இப்போது மணி அடித்த பிறகு கிளம்ப மறுக்கிறார்கள். அழைத்துப்போக வரும் அம்மாக்கள் படியிலேயே உட்கார்ந்து கதை பேசத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் சிஸ்டர் கையில் சாவியோடு வந்து நின்று, கான்வென்டில் ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது, கேட்டைப் பூட்ட வேண்டும், தயவுசெய்து எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று கெஞ்சினார். இந்த ஒரு ஆட்டம் மட்டும் சிஸ்டர் என்றார் கிருஷ்ணஸ்வாமி, கேரம் போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.