திரைக்குப் பின்னால் ஏழாவது ஆள்

என் தம்பி பந்தாடும் மைதானத்துக்கு அந்தச் சனிக்கிழமை வரை நான் போனதே இல்லை. பத்து வருடமாக அவன் கூப்பிட்டான், பத்து வருடமாக நான் சாக்குச் சொன்னேன். ஒரு பந்தை இருபத்திரண்டு தடியன்கள் துரத்துவதை வெயிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்பேன். அவனுடைய சேற்றுக் காலுறைகளை ஊறவைத்துத் துவைப்பது போதாதா? அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். காய்ச்சல், பரீட்சை, காதல் என்று அவனுக்காகப் பயப்படாத நாள் கிடையாது. அதெல்லாம் பயமே இல்லை என்று அன்று மூன்று மணிக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பது என் வேலை. இதயத் துடிப்பை மெஷின் தாளில் கோடாக இழுத்துத் தரும். அதைக் கிழித்து, பெயர் எழுதி, டாக்டர் மேசைக்கு அனுப்புவேன். பதினாறு வருடமாக இதே அறை, இதே கட்டில், இதே பச்சைத் திரை.

மூன்று மணிக்குக் கொக்கு வந்தான். தம்பியின் உயிர்த் தோழன், அதே கிளப்பில் பின்வரிசையில் ஆடியவன். கால் நீளம் என்பதால் வந்த பெயர். எட்டு மாதத்துக்கு முன்னால் டீம் முழுக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து பரிசோதனை செய்துகொண்டபோது அவன் தாளில் மட்டும் கோடு கோளாறாக வந்தது. இதயச் சுவர் தடித்திருக்கலாம், ஓடினால் திடீரென்று நின்றுவிடலாம், பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கிளப் அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டது. ஸ்கேனில் என்ன வருமோ என்று பயந்து அவன் போகவே இல்லை. நான் திட்டித் திட்டி, கடைசியில் இன்னொரு தடவை கோடு மட்டுமாவது எடுத்துப் பார்க்கலாம் என்று வரவழைத்திருந்தேன்.

"ஆட்டம் நடக்குற நேரமாப் பாத்துதான்கா வந்தேன். வீட்டுல இருந்தா கால் தானா கிரவுண்டுக்குப் போயிடும். போய்ப் பாத்தா அழுகை வரும்" என்றான்.

சட்டையைக் கழற்றிப் படுத்தான். நான் நெஞ்சில் ஜெல்லைத் தடவியதும் மீன் மாதிரி துள்ளினான்.

"ஐயோ, இந்த ஜில்லுதான்கா எனக்கு ஆகாது. போன தடவையும் இதுக்குப் பயந்துதான் உங்க தம்பியை முதல்ல தள்ளிவிட்டேன். நீ போய்ப் படுத்துட்டு கூசுதா இல்லையான்னு சொல்லுடான்னேன்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மெஷினை ஓடவிட்டேன். தாள் வெளியே வந்தது. மேலே கூர்மையாக ஒன்று, பின்னால் சின்னதாக ஒரு மேடு, மறுபடி கூர்மை. பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தம். எட்டு மாதத்துக்கு முந்தைய தாளில் அந்தச் சின்ன மேடுகள் எல்லாம் பள்ளமாகத் தலைகீழாக இருந்தன. மாத்திரை சாப்பிட்டு மாறுகிற சமாச்சாரமில்லை அது. அப்போதுதான் அவன் சொன்னது என் காதில் ஏறியது.

டீம் வந்த அன்று நான் திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அக்கா முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று தம்பி அடம்பிடிக்க, டீமே கைதட்டிச் சிரித்தது. சரி போ, உன் வெட்கத்தில் இடி விழ என்று உதவியாளரை உள்ளே அனுப்பிவிட்டு நான் பட்டியலோடு வெளியே உட்கார்ந்தேன். அந்த ஆளுக்கு யாரையும் தெரியாது. தாள் ஒவ்வொன்றாகத் திரைக்கு மேலே வரும், நான் வரிசைப்படி பெயர் எழுதுவேன். ஏழு கொக்கு, எட்டு என் தம்பி. பெயரைக் கூப்பிட்டேனே தவிர, யார் போய்ப் படுத்தது என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு நொடி வேலை.

ஏழாவதாகப் படுத்தது என் தம்பி. அந்தக் கெட்ட இதயம் என் தம்பியுடையது. இந்த நிமிடம் அவன் ஓடிக்கொண்டிருக்கிறான்.

"என்னக்கா, மோசமா?" என்றான் கொக்கு. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணுமில்ல. டாக்டர் பாக்கணும்" என்றேன். வாய் தானாகச் சொன்ன பொய்.

தம்பியின் போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தான். டாக்டர் ஆபரேஷன் அறையில். "என்னை கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போடா, ஆட்டம் பாக்கணும்" என்றேன். அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டான்.

அவன் ஸ்கூட்டரில் ஏறினேன். கால்மணி நேரப் பாதை, அவன் உருட்டிய வேகத்தில் அரைமணிக்கு மேல் ஆனது. சைக்கிள்கள் எங்களை முந்திப் போயின.

"கொஞ்சம் வேகமாப் போடா!"

"டென்ஷன் ஆகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருக்கா. மாடிப்படி ஏறுனாக்கூட நாலு படிக்கு ஒரு தரம் நிப்பேன். பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டாங்க, நானே வேணாம்னுட்டேன். பாவம், எதுக்கு அவளுக்கு?"

என் முன்னால் இருந்த அந்த முதுகுக்கு ஒன்றுமே இல்லை. 'உனக்கு ஒரு நோயும் கிடையாது, விரட்டுடா' என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தொண்டை வரை வந்தது. சொன்னால் வண்டியைக் கீழே போட்டுவிடுவான் என்று நினைத்தேன். முதலில் தம்பியை வெளியே இழுப்போம், மற்றதைப் பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். காரணத்துக்கா பஞ்சம். உண்மை என்னவென்றால் வெட்கம். பதினாறு வருடம் ஒரு தாள் மாறாதவள் என்று எனக்கொரு பெயர் இருந்தது. சிக்னலில் சிவப்பு விழ இன்னும் நேரமிருக்கும்போதே அவன் பிரேக் போட்டான். நான் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மைதானம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. பெரிய கிளப் என்று தம்பி அளந்ததை நம்பி, நான் என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன். ஒரு பக்கம் மட்டும் தகரக் கூரை, அதன் கீழே நாலு சிமென்ட் படி. மற்ற மூன்று பக்கமும் கயிறு. கோல் வலையில் கிழிந்த இடத்தைச் ஷூ நாடாவால் முடிந்திருந்தார்கள். ஆணியில் தொங்கிய இரண்டு தகரப் பலகைகளும் ஒன்று, ஒன்று என்றன. இன்னும் ஒரு கோல் போட்டு ஜெயிக்காவிட்டால் கிளப் கீழ் டிவிஷனுக்குப் போய்விடும் என்று கொக்கு சொன்னான்.

என் கண் வேறொன்றைத் தேடியது. ஆம்புலன்ஸ் இல்லை. நின்ற இதயத்தை ஓடவைக்கும் பெட்டியும் இல்லை. பெஞ்சுக்கு அடியில் ஒரு ஐஸ் வாளியும் வலிக்கு அடிக்கும் ஸ்பிரேயும்தான் இருந்தன. இங்கே ஒருவன் விழுந்தால் விழுந்ததுதான்.

தம்பியைக் கண்டுபிடித்தேன். எல்லோருக்கும் முன்னால், எதிர் கோலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தான். வீட்டில் தண்ணீர்ச் செம்பை எடுக்கச் சோம்பல்படுகிற பயல், அங்கே காற்றாய்ப் பறந்தான். பந்து வெளியே போனதும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தான். மற்றவர்களும்தான் குனிந்தார்கள். ஆனால் அவன் நிமிர மற்றவர்களைவிட நேரமானது. 'எழுந்திரு, எழுந்திரு' என்று முனகினேன். எழுந்தான். எழுந்ததும் மறுபடி ஓடினான், அது அதைவிடப் பயமாக இருந்தது.

பெஞ்சுக்கு ஓடினேன். கொக்கு பின்னால் மெதுவாக நடந்து வந்தான். கோச் தொப்பியைக் கசக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"என் தம்பியை வெளிய கூப்பிடுங்க. இப்பவே."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு, ஆஸ்பத்திரி மேடமா? என்னாச்சு, வீட்டுல ஏதாவதா?"

"அவனுக்கு நெஞ்சுல கோளாறு. ஓடக் கூடாது."

"அவனுக்கா?" அவர் சிரித்தேவிட்டார். "மேடம், இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அவனை எடுத்துட்டா டீம்ல மிச்சம் என்ன, கோல் கம்பமா? ஏதோ கெட்ட கனவு கண்டிருக்கீங்க. உக்காருங்க, தண்ணி குடிங்க."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பெஞ்சிலிருந்த பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து ஒரு தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆட்டத்துக்கு முன்னால் நடுவரிடம் காட்ட ஒவ்வொருவன் தாளையும் வைத்திருப்பார்களாம். தம்பியின் பெயர், எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி, அழகான ஒழுங்கான கோடு.

"இது உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

மைதானத்தில் கூச்சல் எழுந்தது. தம்பி பந்தைத் தள்ளிக்கொண்டு ஓட, இரண்டு பேர் அவனை இடித்தார்கள். விழுந்தான். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுந்தான். விழுந்த அடியா, உள்ளே வேறு ஏதாவதா? இங்கிருந்து பார்த்தால் எந்த மெஷினுக்கும் தெரியாது. எனக்கு அழுகை முட்டியது.

"கையெழுத்து என்னுது. பேரு தப்பு!" என்று கத்தினேன். "நான்தான் மாத்தி எழுதிட்டேன். இது அவன் தாளே இல்ல. இது கொக்கோட தாள். அன்னைக்கு நீங்க கொக்கை நிறுத்துனீங்களே, அந்தத் தாள்தான் என் தம்பியோடது!"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கோச்சின் வாய் திறந்தபடி நின்றது. நான் பின்னால் பார்க்கப் பயந்தேன், ஆனாலும் பார்த்தேன். கொக்கு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று சொல்ல முடியாத முகம். பிறகு மைதானத்தைப் பார்த்தான். தம்பிக்குப் பந்து மறுபடி கிடைத்திருந்தது.

கொக்கு கயிற்றைத் தாண்டி ஓடினான்.

நாலு படிக்கு ஒரு தரம் நிற்பவன், செருப்பை உதறிவிட்டு அந்த நீளக் கால்களை எட்டிப் போட்டு ஓடினான். தகரக் கூரைக்குக் கீழே இருந்த அத்தனை பேருக்கும் அவன் கதை தெரியும். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "டேய் கொக்கு, ஓடாதடா!" "செத்துடுவடா, நில்லு!" என்று ஆணும் பெண்ணுமாக அலறினார்கள். யாரோ வாயில் அடித்துக்கொண்டார்கள். நடுவர் விசில் ஊதினார். கொக்கு நிற்கவில்லை. பாதி மைதானம் கடந்து, கோலைப் பார்த்துக் காலை ஓங்கிய என் தம்பியைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்தான். தம்பி திமிறினான், கெட்ட வார்த்தை சொன்னான், முழங்கையால் இடித்தான். கொக்கு பிடியை விடவே இல்லை.

ஐந்து நிமிடம் கழித்து தம்பி பெஞ்சில் இருந்தான். கோச் வேறு ஆளை அனுப்பிவிட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். துடிப்பு வேகமாக ஓடியது, நடுவில் ஒன்று தவறியது, அடுத்தது வந்தது. விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவன் அழவில்லை, காலுறையைக் கீழே உருட்டி உருட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தான்.

கொக்கு எங்களுக்கு முன்னால் நின்றான். மூச்சு வாங்கியது. ஒரு கையை நெஞ்சில் வைத்து, ஏதோ நடக்கப் போகிறது என்று காத்திருப்பவன்போல் நின்றான். ஒன்றும் நடக்கவில்லை.

"அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லையாக்கா?"

"இல்லடா. நல்ல நெஞ்சு உனக்கு."

"ஆஸ்பத்திரியிலேயே தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுது."

"வண்டியில வர்றப்பவும் தெரியும்."

நான் தலையாட்டினேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கால்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"கோச் போனு எப்பவும் ஆன்லதான்கா இருக்கும். ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா அங்கேயே நம்பர் போட்டு உங்க கையில குடுத்திருப்பேன். இதே மாதிரி நீங்க கத்தியிருந்தா, முதல் பாதியிலேயே இவனை வெளிய உக்கார வச்சிருப்பாங்க. முக்கால் மணி நேரம்கா. இவன் ஓடிட்டே இருந்திருக்கான்."

காலுறையை உருட்டிக்கொண்டிருந்த தம்பியின் கை நின்றது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் விரலுக்கு அடியில் அவன் துடிப்பு மறுபடி ஒன்று தவறியது. நான் துடிப்பை எண்ணிக்கொண்டே இருந்தேன்.