இரண்டு ரிங்

மடித்துக் கொண்டுவந்தபோது லிஃப்டுக்குள் நுழைந்த ஸ்ட்ரெச்சர், விரித்த பிறகு நுழையவில்லை. நேராக வைத்துப் பார்த்தார்கள், கோணலாகச் சாய்த்துப் பார்த்தார்கள். எப்படி வைத்தாலும் ஒரு முழம் வெளியே நின்றது. "நிக்க வச்சு..." என்று ஆரம்பித்த ஆம்புலன்ஸ்காரர், வாசலில் நின்ற, இறந்தவரின் தங்கையைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டார்.

"படியிலதான் இறக்கணும்," என்றார் கிரீஸ். "நாலு மாடி. திருப்பத்துல பாத்துப் புடிக்கணும்."

கிரீஸ் என்பது அவருடைய பெயரல்ல. இறந்துபோன அண்ணனோடு இருபத்தாறு வருடம் ஒரே லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசியாததால் வந்த பட்டம் அது, வைத்தவரும் அண்ணன்தான். இந்தக் கட்டடத்து லிஃப்டை மாட்டியதே அவர்கள் இருவரும் சேர்ந்துதான்.

"நாலு பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு உள்ள போர்டு ஒட்டினதே அண்ணன்தான் தங்கச்சி. படுத்துக்கிட்டு இறங்குறதை அன்னைக்கு யாரு நெனச்சா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

தூக்க ஆள் தேடி ஆம்புலன்ஸ்காரர்கள் கீழே போனார்கள். தங்கையின் வீட்டுக்காரரும் கூடப் போனார். அந்தக் கட்டடத்தில் இருபத்து நான்கு வீடுகள். துக்கம் விசாரித்தவர்களைவிட, இறந்தது யார் என்று விசாரித்தவர்களே அதிகம். மூன்றாவது மாடிப் பெண்மணி, "மேல ஒருத்தர் இருந்தாரா?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

தங்கை உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். அண்ணனுக்குப் போட ஒரு நல்ல சட்டை வேண்டும். ஆறு சட்டைகள் வரிசையாகத் தொங்கின. பதினெட்டு வருடமாக லாண்டரிக் கடை கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் அவள். சட்டையைக் கையில் வாங்கினால் கண் தானாகக் காலருக்குப் போகும். ஆறிலும் காலரில் துளி அழுக்கில்லை, வியர்வைக் கறையில்லை. மடிப்பு விழுந்த இடங்களில் மட்டும் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. இஸ்திரி போட்டு மாதக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும். போட்டுக்கொண்டு போக இடமில்லாத மனிதருடைய சட்டைகள்.

இதைப் போன மாதமே பார்த்திருக்கலாம். போன மாதம் அவள் வரவில்லை. அதற்கு முந்தைய மாதம் வந்தவள், தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டாள். அடுத்த வாரம் சாவகாசமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

அண்ணி போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் ரிடையர் ஆனதும் இவள்தான் ஓர் ஏற்பாடு செய்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு அவர் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இரண்டே ரிங். "அந்த நேரத்துல எனக்குத் தலைக்கு மேல வேலை, எடுக்க மாட்டேன். ரெண்டு ரிங் வந்தா நீ நல்லா இருக்கன்னு அர்த்தம்," என்று சொல்லியிருந்தாள். அண்ணனும் சரி பாப்பா என்றார். ஐம்பது வயதானாலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

அது இவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது. இரண்டு ரிங் கேட்டதும் அன்றைய கடமை தீர்ந்தது. ஒரே ஒரு நாள் கை தவறி எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் நீளமாக ஒரு செருமல். பிறகு கரகரவென்று, "என்ன பாப்பா, எடுத்துட்டே?" என்றார். தொண்டைக்கு என்ன என்று கேட்டாள். "முந்தாநாள்லேர்ந்து யார்கிட்டயும் பேசல. குரல் துருப்பிடிச்சுப் போச்சு," என்று சிரித்தார். இவளும் சிரித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டாள்.

நேற்றும் சரியாக ஏழு மணிக்கு போன் அடித்தது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், முழங்கை வரைக்கும் நுரை. இரண்டு ரிங் ஆயிற்று. மூன்றாவது அடித்தது. நான்காவது. கட் பண்ண அண்ணன் மறந்துருச்சு போல என்று நினைத்தாள். ஆறாவது ரிங்கில், ஜன்னல் விளிம்பில் இருந்த போனின் சிவப்புப் பொத்தானை விரல் மூட்டால் அழுத்திவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். விரல் மரத்துப்போச்சா என்று அடுத்த தடவை கிண்டல் பண்ண வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

இன்று ஏழு மணிக்கு போன் அடிக்கவில்லை. ஏழரைக்கு இவள் அடித்தாள், எடுக்கவில்லை. இரண்டு பஸ் மாறி வந்து, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தபோது, ஜன்னலோர நாற்காலியில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன் மடியில் கிடந்தது.

கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா சான்றிதழ் எழுதக் காகிதங்களோடு மேலே வந்தார். அண்ணனுக்கு வைத்தியம் பார்த்தவரும் அவர்தான்.

"நேத்துக் காலைலயே ஆயிருக்கும்மா. ஏழு, எட்டு மணி இருக்கலாம். ஹார்ட் அட்டாக்."

"அந்த நேரத்துல யாராவது... தெரிஞ்சு ஓடி வந்திருந்தா, டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவை மூடினார், பிறகு திறந்தார். "இப்ப அதை யோசிச்சு என்னம்மா ஆகப்போகுது?"

இல்லை என்று அவர் சொல்லவில்லை. தங்கை கையிலிருந்த சட்டையின் பித்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"ரெண்டு வருஷமா பிரஷர் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு," என்றார் டாக்டரம்மா. "தூக்கம் இல்ல. எடை பத்துக் கிலோ இறங்கிடுச்சு. மாத்திரைய மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்தேன். ஒருநாள், வீட்ல யார்கூடப் பேசுவீங்கன்னு கேட்டேன். ரேடியோ பேசும், நான் கேப்பேன்னாரு. தனியாவே கெடந்தா அதுவும் சிகரெட் மாதிரிதாம்மா, ரத்தக் குழாயச் சும்மா விடாது. அதைச் சொல்லி, சீட்டுலயே எழுதிக் குடுத்தேன். இது எந்த மெடிக்கல்ல கிடைக்கும்னு கேட்டாரு. நல்லா வேடிக்கையாப் பேசுவாரு."

அந்தச் சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. டாக்டரம்மா போன பிறகு தங்கை அதைப் படித்தாள். மூன்று மாத்திரைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் வாங்கியாயிற்று என்று அண்ணன் பேனாவால் போட்ட டிக். நான்காவதாக டாக்டரின் கையெழுத்தில், தினமும் யாருடனாவது அரை மணி நேரம் பேசவும். அதற்கு டிக் இல்லை. பக்கத்தில் அண்ணனின் குண்டு குண்டு எழுத்தில் இரண்டே வார்த்தை: ஸ்டாக் இல்லை.

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அண்ணன் எப்போதும் அப்படித்தான். அது அடங்குவதற்குள், ஃபிரிட்ஜ் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

கிரீஸ் உள்ளே வந்து, பார்க்காததுபோல் சற்று நேரம் ஜன்னல் பக்கம் நின்றார்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்காத தங்கச்சி. ரிடையர் ஆனப்பறம் அண்ணன் இந்த லிஃப்டுல ரெண்டு மூணு தடவ மாட்டிக்கிட்டாரு."

"மாட்டிக்கிட்டாரா? அண்ணனா?"

"அதான பாரு. லிஃப்டுக்குள்ள மஞ்சப் பட்டன் இருக்குல்ல, அமுக்கினா எங்க ஆபீஸ் செல்போன் அடிக்கும். ஒருநாள் மத்தியானம் எடுத்தா இவரு. மாட்டிக்கிட்டேன்டாங்கறாரு. இருபத்தாறு வருஷம் ஊர்ல உள்ளவனையெல்லாம் வெளிய எடுத்த மனுஷன். எங்க வேலைல மொத பாடமே, ஆளு உள்ள மாட்டினா ஸ்பேனரைத் தொடாத, முதல்ல பேச்சுக் குடு. கதவு தொறக்கற வரைக்கும் பேசிக்கிட்டே இரு. இல்லன்னா பயத்துலயே மூச்சு முட்டிரும். எனக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே அவருதான். சரின்னு பேசிக்கிட்டே இங்க வந்து பாத்தேன். லிஃப்டு கிரவுண்ட் ஃப்ளோர்ல ஜம்முன்னு நிக்குது. கதவும் தொறந்துதான் இருக்கு. அண்ணன் உள்ள நின்னு பேசிக்கிட்டிருக்காரு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? வெளியவே நின்னு, போனைக் காதுல வச்சுக்கிட்டு நானும் பேசினேன். அரை மணி நேரம். மறுபடி மாட்டினப்பவும் அப்படித்தான்." கிரீஸ் நகத்தைப் பார்த்துக்கொண்டார். "அப்பறம் அந்த போனை வேற ஊர் ஆபீஸுக்கு மாத்திட்டாங்க. யாரு எடுப்பாங்கன்னு தெரியாது. அதுக்கப்பறம் அண்ணன் மாட்டிக்கல. நானாவது வந்து பாத்திருக்கணும். வேலை, வேலைன்னு..."

நேற்று வந்த ஆறு ரிங்கைப் பற்றி அவரிடம் சொல்லிவிடலாம் என்று தங்கைக்குத் தோன்றியது. வாய் வரை வந்தது. அதற்குள் வீட்டுக்காரர் இரண்டு ஆட்களோடு மேலே வந்துவிட்டார்.

"நேத்துக் காலைல கால் வந்துச்சுல்ல?" என்று அவர் கேட்டார். "கீழ விசாரிக்கிறாங்க."

"வந்துச்சு," என்றாள்.

"அப்ப அதுக்கப்பறம்தான் ஆயிருக்கு. பாவம், கடமை தவறாம குடுத்துட்டுப் போயிருக்காரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஹாஸ்டல்ல நம்ம பொண்ணுகிட்ட இப்பச் சொல்லாத. நாளைக்குக் கடைசிப் பரீட்சை. முடிஞ்சதும் சொல்லிக்கலாம்."

அவள் தலையை ஆட்டினாள். மங்கலான நீலச் சட்டையை அண்ணனுக்குப் போட்டு, காலரை இரண்டு விரலால் நீவிவிட்டாள். நான்கு மாடியும் கிரீஸ்தான் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும், "திரும்புறோம் அண்ணே," "இன்னும் மூணு மாடி அண்ணே," என்று பேசிக்கொண்டே போனார். கூடப் பிடித்தவர்கள் அவரை ஒருமாதிரி பார்த்தார்கள். தங்கை மட்டும் பார்க்கவில்லை. பின்னால் படியை எண்ணிக்கொண்டு வந்தாள்.

எல்லாம் முடிந்து, சாயங்காலம் வீட்டைப் பூட்டுவதற்காக அவளும் வீட்டுக்காரரும் திரும்பி வந்தார்கள். அவர் கீழே வண்டியில் காத்திருந்தார். அவள் ஜன்னல்களைச் சாத்தினாள். சீட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள்.

பைக்குள் போன் அடித்தது. மணி ஆறரை. மகள். காலேஜிலிருந்து ஹாஸ்டல் வந்து சேர்ந்ததும் தினமும் அவள் கொடுப்பது. அதுவும் இரண்டு ரிங்தான். அந்த ஏற்பாட்டைச் செய்ததும் இவள்தான்.

ஒரு ரிங் ஆகிவிட்டிருந்தது. பையைத் துழாவினாள். சாவி விழுந்தது, சீட்டு விழுந்தது. இரண்டாவது ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"என்னம்மா, எடுத்துட்டே?" என்றாள் மகள்.

அவள் குனிந்து சீட்டை எடுத்தாள்.

"அம்மா? ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணுமில்லடி. சும்மாதான் எடுத்தேன். பேசு."

"என்ன பேசறது?"

"எதையாவது பேசு. வச்சுடாத. பேசிக்கிட்டே இரு."

மகள் தயங்கினாள். பிறகு, பக்கத்து அறைக்காரி குடையை இரவல் வாங்கிக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டாள் என்று ஆரம்பித்தாள். அது நல்ல குடை. போன மாதம்தான் வாங்கியது.

லிஃப்ட் மேலே வந்து நின்று கதவைத் திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. மஞ்சள் பொத்தான் தெரிந்தது. உள்ளே போனால் சிக்னல் போய்விடும். அவள் நின்ற இடத்திலேயே நின்று, "ம், அப்பறம்?" என்றாள்.

கதவு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாக மூடிக்கொண்டது.